துறைமுகம் இல்லாத கரைகளை வரைந்தவர்கள்

ஸ்டான்ஹோப் ஃபோர்ப்ஸ் வரைந்த 'கார்ன்வால் கடற்கரையில் மீன் ஏலம்' என்னும் ஓவியத்தில் கண் முதலில் சென்று நிற்கும் இடம் ஈர மணல். அங்கே திருக்கைகளும் பிற தட்டை மீன்களும் பரத்திக் கிடக்கின்றன. ஓதம் வற்றிய கரையில் மெல்லிய படலமாகத் தங்கிவிட்ட நீரில் சாம்பல் நிற வானம் தெரிகிறது. கூடையோடு நிற்கும் பெண்கள், கனத்த காலணி அணிந்த மீனவர்கள், சற்றுத் தள்ளி ஏலம் கேட்கக் கூடிய கூட்டம், அதற்கும் அப்பால் பாய்மரப் படகுகள் என்று பார்வை மெல்ல மெல்ல உள்ளே போகிறது. 1885இல் லண்டன் ராயல் அகாதமியில் காட்சிக்கு வைக்கப்பட்டு ஃபோர்ப்ஸுக்குப் பெயர் வாங்கித் தந்த இந்த ஓவியம் இப்போது பிளிமத் நகரில் இருக்கிறது. இதில் புயல் இல்லை, விபத்து இல்லை, யாரும் அழவில்லை. மீன் விற்கிறார்கள், மீன் வாங்குகிறார்கள், அவ்வளவுதான் நிகழ்கிறது. கடற்கரை வாழ்க்கையை வரைந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு யதார்த்தவாத ஓவியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இந்த ஏலம் ஏன் மணலில் நடக்கிறது என்ற கேள்வியை நான் வெகுகாலம் எழுப்பிக்கொள்ளவே இல்லை. ஓவியர் அழகுக்காகத் தேர்ந்த இடம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். காரணம் எளிமையானது. ஃபோர்ப்ஸ் 1884இல் கார்ன்வாலின் நியூலின் என்னும் மீனவ ஊருக்கு வந்து சேர்ந்தபோது, அங்கே ஒரு பெரிய மீன்பிடிப் படகுக் கூட்டத்துக்குப் போதுமான துறைமுகம் இல்லை. இருந்தது பழைய சிறிய படகுத்துறை ஒன்றே. பெரிய படகுகள் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, பிடித்த மீன் சிறு படகுகளில் கரைக்கு வந்து மணலிலேயே கைமாறியது. புதிய துறைமுகத்தின் தெற்குச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது இந்த ஓவியம் காட்சிக்கு வந்த அதே 1885ஆம் ஆண்டில்தான். ஃபோர்ப்ஸ் வரைந்துகொண்டிருந்த அந்தக் கடற்கரைச் சந்தை முடிவுக்கு வரத் தொடங்கியிருந்தது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு மற்ற ஓவியங்களையும் அதே கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். அக்காலத்து ஓவியர்கள் தேடிப்போய்த் தங்கிய கரைகளில் பெரும்பாலானவை துறைமுகம் இல்லாதவை. நெதர்லாந்தின் ஸ்கெவெனிங்கனில் தட்டையான அடிப்பாகம் கொண்ட படகுகளை நேராக மணலில் ஏற்றி நிறுத்தினார்கள். நார்மண்டியின் எத்ரெதாவில் கூழாங்கல் கரைமேல் படகுகளை உருளைப் பொறி கொண்டு இழுத்தார்கள். டென்மார்க்கின் வடமுனையான ஸ்காகனில் படகைத் தள்ளுவதும் இழுப்பதும் மனிதத் தோள்கள். வலென்சியாவின் கபன்யால் கரையிலோ அலைக்குள் காளைகளையே இறக்கினார்கள். துறைமுகம் உள்ள ஊரில் மீன்பிடித் தொழில் சுவர்களுக்கும் கிடங்குகளுக்கும் இடையே நடக்கிறது. பாய்மரங்களும் கயிறுகளும் ஒன்றையொன்று மறைக்கின்றன. துறைமுகம் இல்லாத கரையிலோ படகை இறக்குவது, ஏற்றுவது, வலையைப் பிரிப்பது, மீனைக் கூறுபோடுவது, விலை பேசுவது, வராதவருக்காகக் காத்து நிற்பது என அனைத்தும் திறந்த வெளியில், வானத்தின் முழு வெளிச்சத்தில் நடக்கின்றன. கித்தானையும் தாங்கியையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்த ஒரு தலைமுறை ஓவியர்களுக்கு இதைவிடப் பொருத்தமான களம் கிடைத்திருக்க முடியாது.

அந்தத் தலைமுறையை வெளியே அழைத்து வந்தவர்களில் முதன்மையானவர் குஸ்தாவ் கூர்பே. 1850–51ஆம் ஆண்டின் பாரிஸ் சலோன் கண்காட்சியில் அவர் வைத்த 'ஓர்னான்ஸில் ஓர் அடக்கம்' ஆறரை மீட்டருக்கும் மேல் அகலம் கொண்டது. அவ்வளவு பெரிய கித்தான் அதுவரை அரசர்களுக்கும் புனிதர்களுக்கும் போர்களுக்கும் உரியதாக இருந்தது. கூர்பே அதில் ஒரு சிற்றூர் மக்களை நிறுத்தினார். 1855இல் தம் படங்களுக்காகத் தாமே ஒரு கூடம் அமைத்து, அதற்கு 'யதார்த்தவாதம்' என்றே பெயரிட்டார். கடலை வரையும் மரபு அதற்கு முன்பும் செழிப்பாகவே இருந்தது. ஆனால் அதில் போர்க்கப்பல்களும் புயலில் உடையும் வணிகக் கப்பல்களும் ஓங்கி நின்றன. மீனவர்கள் தென்பட்டாலும் பெரும்பாலும் காட்சிக்கு அளவு காட்டும் புள்ளிகளாகவே தென்பட்டார்கள். கூர்பே 1869இல் எத்ரெதாவில் தங்கி வரைந்த 'புயலுக்குப் பின் எத்ரெதா பாறை' என்னும் படத்தில் ஆளே இல்லை எனலாம். எனினும் கரையில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும் படகுகள் பாறைக்கு நிகரான கனத்தோடு அங்கே இருக்கின்றன. அங்கே பிழைப்பு நடத்துகிறவர்கள் உண்டு என்பதை அந்தப் படகுகளே சொல்லிவிடுகின்றன.

நெதர்லாந்துக்கு வருவோம். யோசப் இஸ்ரேல்ஸ் 1855இல் சான்ட்ஃபோர்ட் என்னும் மீனவ ஊரில் தங்கியிருந்த காலம் அவரை வரலாற்றுக் காட்சிகளிலிருந்து மீனவர் வாழ்க்கைக்குத் திருப்பியது. 1861இல் அவர் காட்சிக்கு வைத்த 'மூழ்கி இறந்தவரைச் சுமந்து வரும் மீனவர்கள்' இப்போது லண்டன் தேசியக் காட்சியகத்தில் உள்ளது. ஹேக் நகர ஓவியர்கள் என்று பின்னர் அறியப்பட்ட குழுவில் அவரோடு அன்டன் மாவ், ஹென்ட்ரிக் வில்லம் மெஸ்டாக் முதலியோர் இருந்தார்கள். குதிரைகள் பூட்டி இழுக்கப்படும் மீன்படகை 1882இல் மாவ் பெரிய படமாக வரைந்தபோது, அதை அருகிருந்து பார்த்தவர் அவரிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்த வின்சென்ட் வான் கோ. அதே ஆண்டு வான் கோ தாமும் ஸ்கெவெனிங்கன் கரைக்குச் சென்று பலத்த காற்றில் நின்று ஒரு கடற்காட்சியை வரைந்தார். காற்று வாரியடித்த மணல் ஈர வண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தத் துகள்களில் சில இன்றும் படத்தில் இருக்கின்றன.

மெஸ்டாகின் பெருஞ்சுற்றோவியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வங்கித் தொழிலை விட்டு ஓவியத்துக்கு வந்தவர் மெஸ்டாக். ஒரு பெல்ஜிய நிறுவனத்துக்காக 1881இல் ஸ்கெவெனிங்கன் கரையை வட்டமாகச் சுற்றி நிற்கும் ஒரே கித்தானில் வரைய ஒப்புக்கொண்டார். உயரம் 14 மீட்டர், சுற்றளவு 120 மீட்டர். ஊரின் உயரமான மணல்மேட்டில் கண்ணாடி உருளை ஒன்றை நிறுத்தி, அதற்குள் நின்று, கண்ணில் பட்ட தொடுவானத்தையும் வீடுகளையும் படகுகளையும் கண்ணாடி மீதே கோடிழுத்துக்கொண்டு, பிறகு அந்தக் கோடுகளைக் கித்தானுக்குப் பெருக்கினார். மனைவி சின்ட்யே மெஸ்டாகும், தியோஃபீல் த போக், பிரைட்னர், பிளாமர்ஸ் ஆகியோரும் உடன் உழைக்க, சில மாதங்களில் வேலை முடிந்தது. பார்வையாளர் நிற்கும் மேடைக்கும் கித்தானுக்கும் இடையே உண்மையான மணல் கொட்டப்பட்டிருப்பதால், மணல் எங்கே முடிகிறது வண்ணம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவது கடினம். கரையில் வரிசையாக ஏறி நிற்கும் படகுகளின் வயிறும், உலரும் பாய்களும், சற்று தூரத்தில் வெள்ளைக் குடைக்கு அடியில் அமர்ந்து வரைந்துகொண்டிருக்கும் சின்ட்யேயின் சிறு உருவமும் அதில் உண்டு. நிறுவனம் சில ஆண்டுகளில் நொடித்துப்போனபோது மெஸ்டாகே அந்தப் படத்தை விலைக்கு வாங்கி, நட்டத்தைப் பொருட்படுத்தாமல் காப்பாற்றினார். ஒரு மீனவ ஊரின் தொழில் நிலம் எப்படி இருந்தது என்பதற்கு இதைவிட முழுமையான வண்ணச் சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

இனி, கடற்கரை ஓவியங்கள் என்றதும் பலர் நினைவுக்கு வரும் துயரப் படங்களைப் பற்றிச் சொல்கிறேன். நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்த மரபில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் படங்கள் உடனே நெருக்கமாகிவிடும். எனக்கும் அப்படித்தான் ஆயின. ஃபிராங்க் பிராம்லி 1888இல் வரைந்த 'நம்பிக்கையற்ற விடியல்' படத்தில், இரவெல்லாம் காத்திருந்த இளம் மனைவி வயதான பெண்ணின் மடியில் சரிந்து கிடக்கிறாள். சாளரத்துக்கு வெளியே கடல் இன்னும் கொந்தளிக்கிறது. அருகில் விவிலியம் திறந்திருக்கிறது. வால்டர் லாங்லி 1894இல் வரைந்த படத்தில், இரவு நேரக் கரையோரத்தில் முகத்தைக் கையால் மூடி அழும் இளம்பெண்ணின் தோளில் முதியவள் ஒருத்தி கை வைத்திருக்கிறாள். இவை திறமையான படங்கள். லாங்லி பர்மிங்காமின் உழைக்கும் குடும்பத்தில் பிறந்து கல்லச்சுத் தொழிலில் பழகி, 1882இல் நியூலினில் குடியேறியவர். அவருடைய பரிவில் போலித்தனம் இல்லை. அப்படியிருந்தும், இந்த வகைப் படங்கள் பார்ப்பவரை மிக விரைவில் தம் வசப்படுத்திவிடுகின்றன என்பதே என் குறை. இறந்தவன் எந்தப் படகில் போனான், என்ன மீனுக்காகப் போனான், அந்தக் காலநிலையில் போகவேண்டிய கட்டாயம் என்ன என்ற கேள்விகளுக்கு இடமே இல்லாமல் கண்ணீர் முந்திக்கொள்கிறது. லண்டன் கண்காட்சிக்கு வந்து உருகிய செல்வந்தர் அதே உருக்கத்தோடு வீடு திரும்பிவிட முடிந்தது.

மைக்கேல் ஆங்கர் காத்திருத்தலை வேறு விதமாகக் காட்டினார். 1874இல் ஸ்காகனுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட அவரைப் புகழுக்குக் கொண்டுவந்த 'முனையைக் கடந்துவிடுவானா?' என்னும் படம் 1880இல் கோபன்ஹேகனில் காட்சிக்கு வந்து, மன்னர் ஒன்பதாம் கிறிஸ்தியானால் வாங்கப்பட்டது. எண்ணெய்த் துணி உடையும் உயர்ந்த காலணியும் அணிந்த மீனவர்கள் நீரோரத்தில் கூட்டமாக நின்று ஒரே திசையில் பார்க்கிறார்கள். அவர்கள் பார்க்கும் படகு நமக்குக் காட்டப்படவில்லை. அந்த முகங்களில் கண்ணீர் இல்லை. காற்று, நீரோட்டம், மணல் திட்டு மூன்றையும் கணக்கிடும் தொழிலாளியின் கவனம் இருக்கிறது. படகிலிருப்பவன் என்ன செய்யவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். கரையில் நிற்பதால் அதைச் செய்ய முடியவில்லை. 1883இல் அவர் வரைந்த 'மணல்மேடுகளின் ஊடே மீட்புப் படகு' படத்தில் அவர்களே பனி மூடிய மணலில் ஒரு கனத்த படகைக் கொண்டு செல்கிறார்கள். ஆபத்தில் சிக்கிய கப்பல் பின்னணியில் சிறிதாகத் தெரிகிறது. படத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது உழைக்கும் உடல்களின் பாரம்.

இதே பண்பை அதன் உச்சத்தில் காண்பது வின்ஸ்லோ ஹோமரிடம். அமெரிக்க உள்நாட்டுப் போரை 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' இதழுக்காக வரைந்து பழகிய பாஸ்டன்காரர் அவர். 1881, 1882 ஆண்டுகளில் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள கல்லர்கோட்ஸ் என்னும் மீனவ ஊரில் தங்கினார். ஆண்கள் கடலில் இருக்கும்போது கரைத் தொழில் முழுவதையும் பெண்களே அங்கே நடத்தினார்கள். சிப்பி பொறுக்கி, ஓடு நீக்கி, ஆயிரங்கால் தூண்டிலின் முள்ளொவ்வொன்றிலும் இரை கோர்ப்பது, வலையின் கிழிசலைப் பின்னுவது, பிரம்புக் கூடையை முதுகில் ஏற்றிப் பக்கத்து ஊர்களுக்கு நடந்து மீன் விற்பது எல்லாம் அவர்கள் பாடு. ஹோமர் முன்பு வரைந்த பெண்கள் கடலோர விடுதிகளில் பொழுதுபோக்க வந்த நாகரிக உருவங்கள். கல்லர்கோட்ஸ் நீர்வண்ணப் படங்களிலோ பெண்கள் காற்றுக்கு எதிரே காலை ஊன்றி நிற்கிறார்கள். முதுகுக் கூடையின் எடைக்கு ஏற்ப இடுப்பு சாய்ந்திருக்கிறது. அந்த ஊரில் கழித்த காலம் அவருடைய கையையே மாற்றிவிட்டது என்பது என் கருத்து.

அமெரிக்கா திரும்பி மெய்ன் மாநிலத்தின் பிரவுட்ஸ் நெக்கில் குடியேறிய பின் 1885இல் அவர் முடித்த 'மூடுபனி எச்சரிக்கை' படத்தை நான் எத்தனை நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருப்பேன். சிறிய துடுப்புப் படகொன்றில் ஒரு மீனவன் தனியே இருக்கிறான். பிடித்த ஹாலிபட் மீன்களின் எடையால் படகின் பின்புறம் தாழ்ந்து முன்புறம் அலைமேல் எழும்பியிருக்கிறது. இரண்டு துடுப்பு வலிப்புகளுக்கு இடையே கையை நிறுத்தித் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறான். அடிவானத்தில் அவன் போய்ச் சேரவேண்டிய தாய்க்கப்பல் நிற்கிறது. அதை நோக்கி மூடுபனி நகர்ந்து வருகிறது. பனி கப்பலை மூடிவிட்டால் திசை தெரியாது. மீனை வீசிவிட்டால் படகு இலகுவாகும், விரைந்து போகலாம். ஆனால் அந்த மீன்தான் அன்றைய கூலி. இவ்வளவையும் ஹோமர் பொருட்களின் எடையையும் தூரத்தையும் கொண்டே சொல்லிவிடுகிறார். அந்த மனிதனின் முகம் பக்கவாட்டில், பாதி நிழலில்தான் தெரிகிறது. பிராம்லியின் படம் முடிந்துபோன துயரத்தைக் காட்டுகிறது. ஹோமரின் மீனவன் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான், அவனோடு நாமும் போடுகிறோம். அதே ஆண்டின் 'ஹெர்ரிங் வலை' படத்தில் ஒருவர் வலையை இழுக்க, மற்றவர் படகு கவிழாதபடி எதிர்ப்பக்கம் உடலைச் சாய்த்துக்கொண்டே மீனைப் பிரிக்கிறார். மீன் பிடிப்பதை இவ்வளவு புரிந்துகொண்டு வரைந்தவர்கள் குறைவு.

விலையைப் பற்றி நேராகவே பேசிய ஓவியர் ஹோக்கின் சொரோல்யா. 1894இல் அவர் வரைந்து, அடுத்த ஆண்டு மத்ரீத் தேசியக் கண்காட்சியில் முதல் பரிசு பெற்ற படத்தின் தலைப்பே 'இன்னும் மீன் விலை அதிகம் என்கிறார்கள்!' என்பதுதான். படகின் உட்புறத்தில், பிடித்த மீன் குவிந்து கிடக்கும் இடத்துக்கு அருகே, காயம்பட்ட இளைஞன் ஒருவனை மூத்த மீனவர்கள் இருவர் தாங்கிச் சிகிச்சை செய்கிறார்கள். தலைப்பு இல்லாவிட்டால் இது பரிவைக் கோரும் படமாகவே நின்றிருக்கும். தலைப்போ, சந்தையில் பேரம் பேசும் நம்மையும் அந்தப் படகுக்குள் இறக்கிவிடுகிறது. அதே 1894இல் அவர் வரைந்த 'மீன்பிடித்துத் திரும்புதல்' ஏறத்தாழ 4 மீட்டர் அகலம் கொண்டது. அலைநுரைக்குள் நிற்கும் காளைகள் ஒரு படகைக் கரைக்கு இழுக்கின்றன, வெயில் பாயை ஊடுருவி நிற்கிறது. பிரெஞ்சு அரசு இதை வாங்கியது; இப்போது ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்த ஓவியர்கள் கண்டதையெல்லாம் வரைந்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. மாதிரிகளாக நின்றவர்களுக்குக் கூலி தரப்பட்டது. எங்கே நிற்கவேண்டும், எப்படித் திரும்பவேண்டும் என்பதை ஓவியரே முடிவு செய்தார். ஸ்கெவெனிங்கன் அப்போதே புகழ்பெற்ற நீராடல் ஊராக வளர்ந்துகொண்டிருந்தது. ஹேக் ஓவியர்களின் மீனவர் படங்கள் பலவற்றில் விடுதி விருந்தினர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். 1896 மே மாதத்தில், ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்ற விரதம் கொண்ட நியூலின் மீனவர்கள், அந்த நாளிலும் மீன்பிடித்து வந்து விற்ற கிழக்குக் கரைப் படகுகளை மறித்து, மீனைக் கடலில் கொட்டினார்கள், படைவீரர்கள் வரவழைக்கப்பட்டனர். நியூலின் ஓவியர்களின் புகழ்பெற்ற படங்கள் எதிலும் இந்த மோதல் இடம்பெறவில்லை. உழைப்பையும் பொறுமையையும் விரும்பி வரைந்த கைகள் கோபத்தை வரையத் தயங்கின. இந்தத் தயக்கத்தை நான் ஒரு குறையாகவே கருதுகிறேன்.

வெளியிலிருந்து வந்தவர்களின் பார்வைக்கு ஒரு வரம்பு உண்டு. அதைக் கடந்தவர் அன்னா ஆங்கர். ஸ்காகனுக்கு ஓவியர்கள் வந்து தங்கிய பிரன்டம் விடுதிக்காரரின் மகள் அவர். அந்தக் குழுவின் முக்கிய ஓவியர்களில் அந்த ஊரிலேயே பிறந்தவர். கோபன்ஹேகன் ராயல் அகாதமி பெண்களுக்கு 1888 வரை மூடியிருந்ததால், தனியார் பள்ளியொன்றில் பயின்றார். கணவர் மைக்கேல் கரையில் நின்ற ஆண்களை வரைந்தபோது, அன்னா கடலைக் காட்டாமலேயே கடற்கரை வாழ்க்கையை வரைந்தார். தைத்துக்கொண்டிருக்கும் மீனவர் மனைவி, அடுக்களையில் முதுகு காட்டி நிற்கும் பணிப்பெண், சாளரத்து வெயில் சுவரில் விழுந்திருக்க அதைக் காணமுடியாமல் அமர்ந்திருக்கும் பார்வையற்ற மூதாட்டி ஆகியோர் அவருடைய மனிதர்கள். அவர்களுக்கு அவர் அந்நியர் இல்லை. எனவே யாரும் எதையும் நடித்துக் காட்டவேண்டியிருக்கவில்லை.

நூற்றாண்டு முடியும் தறுவாயில் அந்தக் கரைகள் ஒவ்வொன்றாக மாறின. 1894 டிசம்பரில் வீசிய புயல் ஸ்கெவெனிங்கன் மணலில் நின்ற படகுகளை நொறுக்கியது. அந்த அழிவு துறைமுகக் கோரிக்கைக்கு வலுவூட்ட, 1904இல் துறைமுகம் திறக்கப்பட்டது, தட்டையடிப் படகுகளுக்குத் தேவை குறைந்தது. ஸ்காகனுக்கு 1890இல் ரயில் வந்தது, 1907இல் துறைமுகம் வந்தது. மீனவர்களுக்கு இது பெரும் நன்மை. மணலில் படகு இழுத்த தோள்களுக்கு ஓய்வு, புயலில் ஒதுங்க இடம், மீனை விரைவில் சந்தைக்கு அனுப்பும் வசதி. ஓவியங்களிலும் இந்த மாற்றம் பதிவாகியிருக்கிறது. 1883இல் அதே ஸ்காகன் கரையில் வலை இழுக்கும் மீனவர்களை வரைந்த பெதர் செவெரின் குரோயர், பத்தாண்டு கழித்து 1893இல் வரைந்த 'ஸ்காகன் தென்கரையில் கோடைமாலை' படத்தில் இருப்பவர்கள், நீல வெளிச்சத்தில் வெண்ணிற ஆடையோடு உலாவும் அன்னா ஆங்கரும் ஓவியரின் மனைவி மரீயும் மட்டுமே. மிக அழகான படம். டென்மார்க்கின் ஓவியங்களில் இன்று பலரும் அறிந்தது அதுதான். அந்த மணலில் வலையும் இல்லை, படகும் இல்லை.